இரண்டு விசில், இரண்டு தீர்ப்பு: அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து நடுவராக வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வட்டார நடுவர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் ஆட்டங்களைப் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கவனித்துக் குறிப்பெழுதித் தரும் பொறுப்பு சில பருவங்களாக என்னிடம் இருக்கிறது. அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் பெயர்கள்தான் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. அவற்றுள் பல, நான் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை அணியத் தொடங்கிய காலத்தில் நானே செய்தவை. ஆட்டத்துக்குத் தாமதமாக வருவது, காலணியைத் துடைக்காமல் வருவது போன்றவற்றைச் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எந்த விசில் வாங்குவது என்பதும் பெரிய கேள்வி இல்லை. கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் 1987-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, உள்ளே உருளும் குண்டு இல்லாத விசிலையே பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டு வாங்கி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

தொலைக்காட்சியில் விதி கற்றல்

உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கான விதிப்புத்தகத்தை இண்டியானாபோலிஸில் தலைமையகம் கொண்ட என்.எஃப்.எச்.எஸ். என்னும் தேசியக் கூட்டமைப்பு வெளியிடுகிறது. என்.பி.ஏ. தொழில்முறை ஆட்டங்களையும் கல்லூரி ஆட்டங்களையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு வருபவர்கள் இந்தப் புத்தகத்தைத் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததன் சுருக்கம் என்று நினைத்துப் புரட்டுகிறார்கள், அங்கேதான் சறுக்குகிறார்கள். பள்ளி ஆட்டத்தில் ஒரு கால்பகுதிக்கு 8 நிமிடம். கூடைக்கு அடியில் வரையப்படும் அரைவட்டத்துக்குள் தடுப்பாளர் நின்றால் சார்ஜ் (தாக்குதல் ஆட்டக்காரர் மோதும் ஃபவுல்) கிடையாது என்ற விதி இங்கு இல்லை. மைதானம் கல்லூரிகளும் பயன்படுத்துவதாக இருந்து அந்த வளைவு வரையப்பட்டிருந்தாலும் அதைப் பார்க்கவே கூடாது. தாக்கும் அணி குறிவைக்கும் கூடை இருக்கும் மைதானப் பாதியில் 6 அடிக்குள் தடுப்பாளர் நெருங்கி நிற்கும்போது, பந்தைக் கையில் வைத்திருந்தாலும் தட்டிக்கொண்டிருந்தாலும் 5 நொடிக் கணக்கைத் தொடங்க வேண்டும். 2022-23 பருவத்திலிருந்து 35 நொடி ஷாட் கடிகாரத்தை (அதற்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும்) ஏற்பதா வேண்டாமா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. 2023-24 முதல் பழைய 'ஒன் அண்ட் ஒன்' முறை (முதல் ஃப்ரீ த்ரோ, அதாவது தடுப்பார் இல்லாத எறிதல், விழுந்தால்தான் இரண்டாவது) நீக்கப்பட்டு, அணியின் ஃபவுல் எண்ணிக்கை கால்பகுதிதோறும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாகவும், ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுப்பதாகவும் விதி மாறியது. உங்கள் மாநிலம் எதைப் பின்பற்றுகிறது என்பதைப் பருவம் தொடங்குமுன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரங்கத்தில் கத்தப்படும் சில சொற்களுக்குப் புத்தகத்தில் இடமே இல்லை என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். 'ஓவர் த பேக்' என்று ஒரு ஃபவுல் கிடையாது. உயரமான ஆட்டக்காரர் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவரைத் தொடாமல் பந்தை எடுத்தால் அது நல்ல ஆட்டம். 'ரீச்சிங்' என்பதும் ஃபவுல் ஆகாது; உடல் மோதலோ பிடிப்போ இருந்தால்தான் ஊத முடியும். இதைச் சொல்லிக்கொடுத்த மறுவாரமே ஸ்கோர் மேசையின் முன் நின்று 'ரீச்சிங்' என்று அறிவிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிசம்பரில் பதிவு செய்தல்

மாநிலச் சங்கத்தில் பதிவு, விதித் தேர்வு, பல மாநிலங்களில் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, வட்டாரச் சங்கத்தின் பயிற்சிக் கூட்டங்கள் என எல்லாமே ஆட்டங்கள் தொடங்குவதற்கு வாரங்கள் முன்பே நடந்து முடிந்துவிடும். ஆட்டங்களை ஒதுக்கித் தருபவர் தன் அட்டவணையை அதற்குள் பெரும்பாலும் நிரப்பிவிடுவார். கோடையில் பயிற்சி முகாமுக்குப் போய் நாலு பேர் கண்ணில் பட்டவருக்கும், குளிர்காலம் வந்த பிறகு மின்னஞ்சல் அனுப்புபவருக்கும் கிடைக்கும் ஆட்டங்கள் ஒன்றாக இருக்காது.

சகநடுவரைப் பார்க்காமல் சைகை காட்டுதல்

என் குறிப்பேட்டில் அதிகப் பக்கங்களை எடுத்துக்கொண்ட தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சலை எனக்குத் தருவதும் இதுவே.

ஆட்டத்தில் இரண்டு அல்லது மூன்று நடுவர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் மைதானத்தில் ஒரு பொறுப்புப் பகுதி உண்டு. கூடையை நோக்கி ஒருவர் பாய்ந்து செல்லும்போது அவர் ஒரு பகுதியில் புறப்பட்டு இன்னொரு பகுதியில் மோதுவார் என்பதால் இருவர் ஒரே நேரத்தில் விசில் ஊதுவது இயல்பே. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஃபவுலுக்கு ஊதியவுடன் மூடிய முஷ்டியை உயர்த்தி, அப்படியே நிறுத்தி, சகநடுவரும் ஊதினாரா என்று பார்க்க வேண்டும். ஊதியிருந்தால், மோதல் யாருடைய பகுதியில் நடந்ததோ அவர் முன்வந்து தீர்ப்பைச் சொல்ல, மற்றவர் முஷ்டியை இறக்கிவிட வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடி. பார்வையாளர் எவரும் அந்த நொடியைக் கவனிப்பதில்லை.

புதியவர்கள் அந்த ஒரு நொடியைத் தருவதில்லை. 'தீர்ப்பை உறுதியோடு காட்டு' என்று முகாமில் கேட்டதை, 'விசிலோடு சேர்த்தே காட்டு' என்று புரிந்துகொண்டு, ஊதிய மூச்சு முடிவதற்குள் இரு கைகளையும் இடுப்பில் வைத்து பிளாக், அதாவது தடுப்பாளரின் ஃபவுல், என்கிறார்கள். அதே கணத்தில் எதிர்ப்பக்கம் நிற்பவர் ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்துத் தாக்குதல் ஆட்டக்காரரின் ஃபவுல் என்று காட்டிவிடுகிறார். அரங்கம் முழுவதும் இரண்டையும் பார்த்தாயிற்று.

இதன் பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதில் என்.எஃப்.எச்.எஸ். விளக்கம் தெளிவாக இருக்கிறது. இருவரும் முரண்பட்ட சைகை காட்டிவிட்டால் இரண்டு ஃபவுலும் பதிவாக வேண்டும். அது இரட்டை ஃபவுல். எறிந்தவர் காற்றில் இருக்கும்போது பந்து ஏற்கெனவே கையை விட்டிருந்து கூடையில் விழுந்தால் அந்தப் புள்ளிகள் செல்லும். சாதாரணமாக அவர் மேல் மட்டும் அந்த ஃபவுல் விழுந்திருந்தால் கூடை ரத்தாகியிருக்கும்; இரட்டை ஃபவுலில் ரத்தாகாது. ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடர்வதால், புள்ளி விழுந்த பிறகு எதிரணி கடைக்கோட்டில் எங்கிருந்தும் பந்தை உள்ளே எறியலாம். எறிந்த பந்து கூடையில் விழாமல், இரு அணிகளின் கையிலும் இல்லாதபோது நின்றிருந்தால், ஸ்கோர் மேசையில் இருக்கும், அணிகளுக்கு மாறி மாறிப் பந்தைத் தரும் அம்புக்குறி யாருக்குப் பந்து என்று சொல்லும். பந்து கையை விட்டே போகவில்லை என்றால், அதை வைத்திருந்த அணிக்கே மறுபடி எறியும் உரிமை.

ஒரு ஜூனியர் வார்சிட்டி (பள்ளியின் இரண்டாம் நிலை அணி) ஆட்டத்தில், நான்காம் கால்பகுதியில், புள்ளி இடைவெளி மிகக் குறைவாக இருந்த நேரத்தில் நான் கண்டது இது. பக்கவாட்டிலிருந்து பாய்ந்தவர் பந்தை எறிந்துவிட்டுத் தடுப்பாளர் மேல் விழுந்தார். பந்து கூடைக்குள் இறங்கியது. ஒருவர் இடுப்பில் கை வைத்தார், மற்றவர் தலைக்குப் பின்னால் வைத்தார். பிறகு இருவரும் நடுவில் கூடி ஏதோ பேசி, கூடையை ரத்து செய்து, எறிந்தவர் மேல் மட்டும் ஃபவுலை எழுதச் சொன்னார்கள். ஸ்கோர் புத்தகப்படி அந்தத் தடுப்பாளரின் பெயரில் ஏற்கெனவே நான்கு ஃபவுல் இருந்தது. விதிப்படி அது அவருக்கு ஐந்தாவதாகி அவர் வெளியேறியிருக்க வேண்டும். இரண்டு புள்ளிகளும் செல்லுபடியாகியிருக்க வேண்டும். அவரோ ஆட்டம் முடியும் வரை ஆடினார். சகநடுவரைப் பார்க்காதது முதல் தவறு என்றால், காட்டிய சைகையில் ஒன்றைப் பேசி அழித்தது அதைவிடப் பெரிய தவறு. அடுத்த கூட்டத்தில் அந்த இருவரும், 'நாங்கள் கலந்து பேசிச் சரியான முடிவுக்கு வந்தோம்' என்று பெருமையாகச் சொல்லக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

கலந்து பேச இடமே இல்லையா என்று கேட்கலாம். இடம் உண்டு, ஆனால் வேறு சூழலில். ஒருவர் பந்தை எறிவதற்கு முன் நடந்த பிடிப்புக்கு ஊதியிருக்கிறார், மற்றவர் எறிந்த பின் நடந்த மோதலுக்கு ஊதியிருக்கிறார் என்றால், எது முதலில் நடந்தது என்று பேசித் தீர்மானிப்பது முறையானது, கட்டாயமும்கூட. அதேபோல் ஒருவர் சைகை காட்டிவிட்டார், மற்றவர் முஷ்டியை மட்டும் உயர்த்தி நிறுத்தியிருக்கிறார் என்றால் முரண்பாடே இல்லை. முஷ்டியை இறக்கிவிட்டு நடையைக் கட்டலாம். அந்த ஒரு நொடி நிறுத்தம் உங்களைக் காப்பாற்றும் விதம் இதுதான்.

இதற்கு ஆட்டத்துக்கு முந்தைய உரையாடலில் இரண்டு நிமிடம் செலவிட்டால் போதும். இரண்டாம் தடுப்பாளர் உதவிக்கு வரும் மோதலை யார் எடுப்பது, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பாய்ச்சலை யார் எடுப்பது, வேகமாகத் திரும்பி ஓடும் ஆட்டத்தில் தனியாக முன்னே இருப்பவருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பவற்றைப் பெயர் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். 'நல்லா பண்ணலாம், ஜாலியா பண்ணலாம்' என்று கைகுலுக்கிவிட்டு வெளியே வருவது உரையாடலில் சேராது. வீட்டில் கண்ணாடி முன் நின்று விசில், முஷ்டி, நிறுத்தம் ஆகிய மூன்றையும் மட்டும் பழகுங்கள், சைகையைச் சேர்க்காதீர்கள். கை தானாக இடுப்புக்குப் போவது நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும்.

பந்தையே பார்த்தல்

பந்தின் மேல் உங்கள் சகநடுவரின் கண் இருக்கிறது. பந்தை வைத்திருப்பவரும் அவரைத் தடுப்பவரும் போக, மற்ற எட்டுப் பேர் மேல் யாருடைய கண் இருக்கிறது?

பயிற்சியாளரிடம் அதிகம் பேசுதல்

பயிற்சியாளர் கேள்வி கேட்டால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். கருத்துச் சொன்னால் பதிலே வேண்டாம். 'அது என் தீர்ப்பு இல்லை' என்று மட்டும் எக்காலத்திலும் சொல்லாதீர்கள், ஏனெனில் அந்த நொடியில் நீங்கள் சகநடுவரை அவரிடம் ஒப்படைத்துவிடுகிறீர்கள், அடுத்த அரைமணி நேரம் பயிற்சியாளர் உங்கள் மூலமாகவே சகநடுவரைத் தாக்குவார். நிதானமாகச் சொல்லப்பட்ட எச்சரிக்கையை மீறி வசை தொடர்ந்தால் டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான ஃபவுல்) கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். 2018-19 பருவத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளில், எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, சுமார் 50,000 பள்ளி நடுவர்கள் விலகியதாக என்.எஃப்.எச்.எஸ். தெரிவித்தது. அவர்களில் பலரை விரட்டியது பெரியவர்களின் வாய்தான். பொறுத்துப் போவதாக நினைத்து நீங்கள் விடுவது அடுத்த வாரம் வேறொரு புதியவரின் தலையில் விழும்.

உங்கள் அதிகாரம் பந்தை மேலே எறியும்போது தொடங்குவதாக எண்ணிக்கொள்வதும் இதன் இன்னொரு பக்கம். ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே அது தொடங்கிவிடுகிறது. எனவே பயிற்சியின்போது யாராவது டங்க் செய்தால் (பந்தைக் கையாலேயே கூடைக்குள் திணித்தால்) அது டெக்னிக்கல் ஃபவுல். அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, மைதானத்தில் நின்றிருக்க வேண்டும்.

திருத்தக்கூடிய பிழைகளின் கெடுவை மறத்தல்

கொடுக்க வேண்டிய ஃப்ரீ த்ரோவைக் கொடுக்காதது, கொடுக்கக் கூடாததைக் கொடுத்தது, தவறான ஆட்டக்காரரை எறியவிட்டது, தவறான கூடையில் எறியவிட்டது, புள்ளியைத் தவறாகச் சேர்த்தது அல்லது நீக்கியது ஆகிய ஐந்தை மட்டுமே பின்னால் திருத்த முடியும். அதற்கும் காலக்கெடு உண்டு: பிழைக்குப் பின் கடிகாரம் முறையாக ஓடத் தொடங்கி, அதன் பிறகு பந்து முதன்முறையாக நின்று, மீண்டும் உயிர் பெறுவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். நேரம் கடந்த பின் நியாயம் செய்யப் புறப்படுபவர்கள் ஒரு பிழையை இரண்டாக்குகிறார்கள். இந்தப் பத்தியை மட்டும் விதிப்புத்தகத்தில் ஒவ்வொரு பருவமும் மறுபடி படியுங்கள்.

கட்டணத்தை மணிக்கணக்கில் வகுத்தல்

பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். பெரும்பாலான இடங்களில் நீங்கள் தனி ஒப்பந்தக்காரர். சட்டை, காலணி, சங்கக் கட்டணம், வரி எல்லாம் உங்கள் செலவு. பணத்துக்காக முதல் பருவத்திலேயே வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) ஆட்டம் கேட்டு நிற்பவர்கள், அதற்குத் தயாராவதற்கான கீழ்நிலை ஆட்டங்களையும் இழந்துவிடுகிறார்கள்.

ஆட்டத்தைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதுதல்

எழுதாதீர்கள்.