அமெரிக்க லா ஸ்கூல் அட்மிஷன்: பாட்காஸ்டுகளை எப்படிக் கேட்பது?

அமெரிக்காவில் ஜேடி எனும் சட்டப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு பாட்காஸ்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆலோசகர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வதில் பெரும்பகுதி அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. விண்ணப்பத்தைப் படிப்பவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார், எந்த இடத்தில் சலித்துப்போகிறார் என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. தேதி, விதி, எண் ஆகிய மூன்றை மட்டும் காதால் கேட்டு நம்பாதீர்கள். அவற்றை எழுத்தில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தலைப்பு பிடித்துப்போனால் எபிசோட் எப்போது வந்தது என்று பலரும் பார்ப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மூன்று தேதிகளை நினைவில் வையுங்கள்.

2023 ஜூன் 29 அன்று, மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் பல சட்டப் பள்ளிகள் டைவர்சிட்டி ஸ்டேட்மெண்ட் (விண்ணப்பதாரர் தன் பின்னணியைப் பற்றி எழுதும் கட்டுரை) கேள்வியையே மாற்றி எழுதின. அதற்கு முந்தைய எபிசோடைக் கேட்டு அந்தக் கட்டுரையை எழுதினால், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னது போலாகிவிடும்.

2024 ஆகஸ்டில் எல்சாட் எனும் சட்டப் பள்ளி நுழைவுத் தேர்விலிருந்து லாஜிக் கேம்ஸ் எனும் தர்க்கப் புதிர் பகுதி நீக்கப்பட்டது. இப்போது மதிப்பெண்ணுக்கு உரியவை இரண்டு லாஜிக்கல் ரீசனிங் (வாதங்களை ஆராய்வது), ஒரு ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (படித்துப் புரிந்துகொள்வது) பகுதிகள். கணக்கில் சேராத பகுதி ஒன்றும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். பழைய எபிசோடுகளில் வரும் படிப்புத் திட்டங்களைத் தள்ளிவிடலாம். ஆனால் லாஜிக்கல் ரீசனிங் பற்றி அவற்றில் பேசியது இன்றும் பொருந்தும், அதைச் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டாம்.

மூன்றாவதுதான் பணத்தைக் கடிக்கும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, மேற்படிப்பின் முழுச் செலவு வரை அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. சட்டப் படிப்புக்கான கூட்டாட்சி அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் வந்துவிட்டது. “முழுச் செலவுக்கும் அரசுக் கடன் கிடைக்கும், இடம் கிடைத்தால் போதும்” என்ற தொனியில் பேசும் பழைய எபிசோடை நம்பிக் கணக்குப் போட்டால் நடுவில் துண்டு விழும்.

அடுத்து, பேசுவது யார் என்று பாருங்கள். ஹார்வர்டு, யேல் பள்ளிகளின் அட்மிஷன் டீன்கள் 2020-இல் சேர்ந்து தொடங்கிய ‘நேவிகேட்டிங் லா ஸ்கூல் அட்மிஷன்ஸ்’, விண்ணப்பக் கோப்பு உள்ளே எப்படிப் படிக்கப்படுகிறது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் உயர்ந்த மதிப்பெண்காரர்கள் குவியும் இடத்தின் அனுபவம் அது. மாநில அளவிலான பள்ளிக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. ‘திங்கிங் எல்சாட்’ போன்ற தேர்வுப் பயிற்சி நிகழ்ச்சிகளில் மதிப்பெண்ணும் ஸ்காலர்ஷிப்பும்தான் மையம். டீன் தரப்பில் ஒன்று, ஆலோசகர் தரப்பில் ஒன்று என இரண்டைத் தொடர்ந்து கேளுங்கள். இருவரும் முரண்படும் இடத்தில்தான் நீங்கள் யோசிக்க வேண்டியது இருக்கும்.

கேட்கும் வரிசையும் முக்கியம். விண்ணப்பங்கள் பொதுவாக செப்டம்பரில் திறக்கின்றன. வசந்த காலத்தில் எல்சாட், கோடையில் பர்சனல் ஸ்டேட்மெண்டும் (உங்களைப் பற்றி நீங்களே எழுதும் கட்டுரை) பரிந்துரைக் கடிதமும், இலையுதிர் காலத்தில் நேர்காணல், ஜனவரிக்குப் பின் வெயிட்லிஸ்டும் (காத்திருப்போர் பட்டியல்) ஸ்காலர்ஷிப் பேரமும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜூலையிலேயே வெயிட்லிஸ்ட் எபிசோடைக் கேட்டால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு எபிசோடுக்கு மூன்று குறிப்புக்கு மேல் எழுத வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: சொன்ன அறிவுரை, சொன்னவரும் தேதியும், எங்கே சரிபார்த்தேன், நான் செய்யப்போவது. கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தால் அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள். சரிபார்க்க மூன்று இடம் போதும்: பள்ளியின் சொந்தத் தளம், எல்சாட் தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பின் தளம், ஏபிஏ (அமெரிக்க வழக்கறிஞர் சங்கம்) விதி 509-இன்படி பள்ளிகள் ஆண்டுதோறும் டிசம்பரில் வெளியிடும் அறிக்கை. சேர்ந்தவர்களின் எல்சாட், ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண் சராசரி) இடைநிலை எண்களோடு, நிபந்தனையுள்ள ஸ்காலர்ஷிப் பெற்றவர்களில் எத்தனை பேருக்கு அது குறைக்கப்பட்டது அல்லது ரத்தானது என்பதும் அந்த அறிக்கையில் இருக்கும்.

ஜிபிஏ பேச்சில் ஒரு எச்சரிக்கை. எல்சாக் தன் முறைப்படி ஜிபிஏவைத் திரும்பக் கணக்கிடுகிறது, ஏ பிளஸுக்கு 4.33 தருகிறது. உங்கள் பல்கலைக்கழகம் தரும் எண்ணோடு அது ஒத்துப்போகாமல் இருக்கலாம். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே பட்டம் பெற்றவர்களுக்கு எண்ணே வராது, தர மதிப்பீடு மட்டும்தான் வரும். அப்படிப்பட்டவர்கள் “இடைநிலை ஜிபிஏவுக்கு மேலா கீழா” என்ற உரையாடலைக் கடந்து போய்விடலாம்.

பர்சனல் ஸ்டேட்மெண்ட் எபிசோடுகளைக் கேட்பதற்கு முன்பே முதல் வரைவை எழுதிவிடுங்கள். வாசித்துக் காட்டும் கட்டுரைகளின் நடை காதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு நீங்கள் எழுதுவதெல்லாம் அதே தாளத்தில்தான் வரும். அந்தக் கட்டுரை ஏன் எடுபட்டது என்ற காரணத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அதன் பொருளைக் குறிக்காதீர்கள்.

எல்சாட் கேள்வியை விளக்கும் எபிசோடில் கேள்வி வந்ததும் நிறுத்தி, தாளில் எழுதி, உங்கள் விடையைத் தேர்ந்த பிறகே மேலே கேளுங்கள். நடந்துகொண்டே கேட்டால் எல்லாம் புரிந்தது போலிருக்கும், தேர்வில் கை ஓடாது.

நிகழ்ச்சிக்குக் கேள்வி அனுப்புவதாக இருந்தால் மதிப்பெண், பட்டம், வேலை அனுபவம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, உங்களை அடையாளம் காட்டும் விவரத்தை விட்டுவிடுங்கள். அட்மிஷன் அலுவலகத்தாரும் அந்த நிகழ்ச்சியைக் கேட்கக்கூடும்.