காருக்குள் இன்ஜின் சூடு வருகிறதா? வரும் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி

ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் பக்கம் மட்டும் வெந்தால், பெரும்பாலானவர்கள் முதலில் போவது ஏசி மெக்கானிக்கிடம். கேஸ் நிரப்புகிறார்கள். சரியாகவில்லை என்றால் தரைக்கு மேட் ஒட்டுகிறார்கள், கண்ணாடிக்கு ஃபிலிம் போடுகிறார்கள். பணம் போகிறது, சூடு அப்படியே இருக்கிறது. ஏனென்றால் சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று அதுவரை யாரும் பார்க்கவில்லை.

இன்ஜின் சூடு உள்ளே வருவதற்கு மூன்று வழிகள்தான் உண்டு. ஓட்டை, இடுக்கு வழியாகச் சூடான காற்றாக வரலாம். ஹீட்டருக்குப் போகும் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், ப்ளோயர் ஃபேன் தள்ளும் காற்றைச் சூடாக்கலாம். அல்லது சைலன்சர் பைப் தரைத் தகட்டைச் சுடவைத்து, அந்தத் தகடு உங்கள் காலைச் சுடலாம். காற்று, தண்ணீர், தகடு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் எந்த வழி என்று முடிவு செய்துவிட வேண்டும்.

இந்த விளக்கம் முன்பக்கம் இன்ஜின் உள்ள, குமிழையோ லீவரையோ கையால் நகர்த்தி ஏசியை மாற்றும் சின்ன கார்களை மனதில் வைத்து எழுதியது: மாருதி 800, ஆல்டோ, வேகன் ஆர் போன்றவை. டார்ச் லைட், சாக்பீஸ், டிஷ்யூ பேப்பர், மாஸ்கிங் டேப், தடிமனான கையுறை, உதவிக்கு ஒரு ஆள். இவ்வளவு போதும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

சூட்டோடு புகை நாற்றமும் வந்தாலோ, ஓட்டும்போது தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தாலோ இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம். கண்ணாடிகளை எல்லாம் இறக்கி, வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். சைலன்சரிலோ, இன்ஜினோடு அது சேரும் இடத்திலுள்ள மேனிஃபோல்டு கேஸ்கட்டிலோ கசிவு இருக்கலாம். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உயிரை எடுக்கக்கூடியது. கசிவைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

படி 1: வெயில் சூட்டைக் கழித்துவிடுங்கள்

கத்திரி வெயிலில் நின்ற காரில் டேஷ்போர்டைத் தொட முடியாது, ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது. அது வெயிலின் வேலை, இன்ஜினுக்குச் சம்பந்தமில்லை. பகலில் சோதித்தால் இரண்டும் கலந்து குழப்பும்.

அதனால் பொழுது சாய்ந்து, வண்டி முழுதாக ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். ஏசியை அணைத்து, வெப்பநிலைக் குமிழை நீலப் பக்கத்தின் கடைசி வரை திருப்பிவிட்டு, அரை மணி நேரம் ஓட்டுங்கள். கொஞ்சம் டிராஃபிக், கொஞ்சம் திறந்த சாலை என்று இரண்டும் இருப்பது நல்லது. இரவிலும் கால் சுடுகிறது என்றால் அது இன்ஜின் சூடுதான்.

ஓட்டும்போது டெம்பரேச்சர் முள்ளையும் கவனியுங்கள். வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறினால் பிரச்சினை கேபினில் இல்லை, இன்ஜினே அதிகமாகச் சூடாகிறது. ரேடியேட்டர் ஃபேன், கூலண்ட் அளவு, தெர்மோஸ்டாட் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் சுடுதண்ணீர் முகத்தில் அடிக்கும்.

படி 2: ஓடும் வண்டியில் மூன்று சோதனைகள்

நீங்கள் ஓட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர் கையை வைத்துப் பார்க்கட்டும்.

முதல் சோதனை: ப்ளோயரை அணையுங்கள். சூடு அதோடு நின்றுவிட்டால், அது ப்ளோயர் காற்றோடுதான் வந்துகொண்டிருந்தது. ப்ளோயர் இல்லாமலும் கால் சுட்டால் ஓட்டையையோ தகட்டையோ சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது: ப்ளோயரை ஓடவிட்டு, வெளிக்காற்று, உள்காற்று லீவரை மாற்றி மாற்றிப் பாருங்கள். வெளிக்காற்றில் வைத்தால் மட்டும் சூடு கூடுகிறது, அதுவும் சிக்னலில் நிற்கும்போது அதிகம் என்றால், இன்ஜின் அறைக் காற்று வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலி வழியாக இழுக்கப்படுகிறது. எப்படி வைத்தாலும் சூடு ஒரே மாதிரி வந்தால் ஹீட்டர் பக்கம் பாருங்கள்.

மூன்றாவது சோதனையை அதிகம் பேர் செய்வதில்லை. எனக்குப் பிடித்ததும் அதுதான். காலியான சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ப்ளோயரை அணைத்து, முன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின் கண்ணாடிகளை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள். பின் ஜன்னல் காற்றை வெளியே உறிஞ்சும். கேபினுக்குள் அழுத்தம் குறையும். முன்னால் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்து காற்று உள்ளே வரும். பெடல் பக்கம் சூடான காற்று வீசுவது உடனே தெரியும். அப்படியே பின் கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றில் ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். இப்போது உள்ளே அழுத்தம் கூடும், ஓட்டை வழியாக வந்த சூடு குறைய வேண்டும். இரண்டிலும் எந்த மாற்றமும் இல்லாமல் தரை மட்டும் ஒரே சீராகச் சுட்டால் தகடுதான் காரணம்.

படி 3: காற்று வழி

மூன்றில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பேன். பழைய வண்டிகளில் ரப்பர் காய்ந்து வெடித்துப் போவது சகஜம். போதாததற்கு ஆடியோ, ரிமோட் லாக், ஹார்ன், எல்பிஜி கிட் என்று ஒவ்வொன்றையும் மாட்டும்போது ஒயர் கொண்டுபோக ஃபயர்வாலில் ஒரு துளை போடுவார்கள். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் நிற்கும் தகடுதான் ஃபயர்வால். துளை போட்ட பிறகு அதன் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட்டைப் போட மறந்துவிடுவதும் உண்டு. அப்போது சூடு மட்டும் வராது, தகட்டின் கூர் விளிம்பு ஒயரை அறுத்து ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம்.

டார்ச் சோதனை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். இருட்டில், இன்ஜின் அறையில் ஃபயர்வாலைப் பார்த்தபடி டார்ச்சை வைத்து, பானெட்டை மெதுவாகச் சாய்த்து மூடுங்கள், பூட்ட வேண்டாம். உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டு, டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி, தலையைப் பெடல்களுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கார்பெட்டையும் முடிந்தவரை விலக்குங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்டீயரிங் ராடு இறங்கும் இடத்திலுள்ள ரப்பர் பூட், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், மொத்த ஒயரிங் நுழையும் பெரிய குரோமெட், ஹீட்டர் ஹோஸ் இரண்டு, ஏசி பைப். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

வெளிச்சம் நேர்கோட்டில்தான் வரும், காற்று வளைந்தும் வரும். அதனால் அடுத்தது டிஷ்யூ சோதனை. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, வெளிக்காற்றில் ப்ளோயரை முழு வேகத்தில் வைத்துக் கதவை மூடுங்கள். உள்ளே போன காற்று எங்காவது வெளியே வந்தாக வேண்டும். ஒரு குச்சியின் நுனியில் விரல் அகல டிஷ்யூ பட்டையை ஒட்டி, இன்ஜின் பக்கத்திலிருந்து ஃபயர்வால் துளை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோங்கள். பட்டை எங்கே படபடக்கிறதோ அங்கே கசிவு. சாவி ஆனில் இருக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றலாம், கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பேட்டரி இறங்காமல் இருக்கச் சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள். டிஷ்யூவுக்குப் பதிலாக ஊதுபத்திப் புகையில் பார்க்கலாமே என்று தோன்றும். பெட்ரோல் ஆவி இருக்கக்கூடிய இடத்தில் கங்கு கூடவே கூடாது.

அடுத்து சாக்பீஸ் சோதனை, இது பானெட் பீடிங்குக்கு. பானெட்டின் பின் விளிம்பு, வைப்பர் ஜாலிக்கு முன்னால் வந்து உட்காரும் இடத்தில் பல கார்களில் நீளமாக ஒரு ரப்பர் இருக்கும். இன்ஜின் அறைக் காற்று பின்னால் ஏறி ஜாலிக்குள் போகாமல் தடுப்பது அதுதான். இரண்டாவது சோதனையில் வெளிக்காற்றில் வைத்தபோது சூடு கூடியதே, அதற்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். ரப்பரின் மேல் சாக்பீஸைத் தேய்த்துப் பானெட்டை மூடித் திறங்கள். பானெட்டின் அடியில் வெள்ளைக் கோடு அறுபடாமல் விழ வேண்டும். கோடு விட்டுப்போன இடத்தில் ரப்பர் அமுங்கிப் போயிருக்கிறது. ரப்பரே இல்லாமல், கிளிப் துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிகிறதா? டிங்கரிங், பெயிண்டிங் வேலையில் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை என்று அர்த்தம். வைப்பர் மோட்டார் பக்கம் ஜாலி உடைந்திருந்தாலும் இதே கதைதான்.

கியர் லீவரையும் விட்டுவிடாதீர்கள். மேலே தெரியும் ரெக்ஸின் உறை அழகுக்கு. அதற்கு அடியில், லீவர் தரையைத் துளைக்கும் இடத்தில் தனியாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். அது கிழிந்தால் சைலன்சர் போகும் பாதையின் சூடு நேராக முழங்காலுக்கு வரும்.

அடைக்கும்போது அந்த இடத்துக்கான அசல் குரோமெட்டையே வாங்கிப் போடுங்கள், இது பெரிய செலவே இல்லை. ஒயரைச் சுற்றிய சின்ன இடுக்குக்குப் பிசுபிசுப்பான ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப் போதும். ஸ்ப்ரே ஃபோம் அடித்து மொத்தமாக மூடுவது தவறு. அது தீப்பிடிக்கும், தண்ணீரைத் தேக்கித் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். துணி, செய்தித்தாள் திணிப்பது அதைவிட ஆபத்து.

படி 4: தண்ணீர் வழி

இன்ஜினில் இருந்து இரண்டு ரப்பர் ஹோஸ்கள் ஃபயர்வாலைத் துளைத்து ஹீட்டர் காயிலுக்குப் போகும். ஓடும் இன்ஜினில் கூலண்ட் ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டை வேண்டாத நேரத்தில் தடுத்து வைக்க இரண்டு முறைகள் உண்டு. சில கார்களில் ஹோஸில் ஒரு வால்வு, குமிழை நீலத்துக்குத் திருப்பினால் தண்ணீரையே நிறுத்திவிடும். மற்றவற்றில் தண்ணீர் எப்போதும் ஓடும், உள்ளே ஒரு மடல் காற்றை ஹீட்டர் காயிலுக்குப் போகவிடாமல் திருப்பும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் ஹோஸைத் தொட்டு முடிவுக்கு வராதீர்கள்.

வால்வு உள்ள வண்டியில், குமிழ் நீலத்தில் இருக்க, நன்றாக ஓட்டி நிறுத்திய பின் கையுறையோடு இரண்டு ஹோஸ்களையும் ஃபயர்வால் ஓரத்தில் தொடுங்கள். ஒன்று கொதித்து, மற்றதில் சூடு நன்றாகக் குறைந்திருந்தால் வால்வு மூடுகிறது. இரண்டும் ஒரே மாதிரி கொதித்தால் மூடவில்லை. மடல் வகை வண்டியில் இரண்டும் சூடாக இருப்பது இயல்பு. அங்கே ஹோஸ் எதையும் சொல்லாது.

எந்த வகையானாலும், வால்வையோ மடலையோ மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வரும் முன், குமிழிலிருந்து அதற்குப் போகும் கேபிளைப் பாருங்கள். ஒருவர் குமிழை நீலத்திலிருந்து சிவப்புக்கும், திரும்ப நீலத்துக்கும் திருப்ப, இன்னொருவர் கேபிள் முனையிலுள்ள லீவர் கடைசி வரை நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிளைப் பிடித்திருக்கும் கிளிப் நழுவியிருந்தால் குமிழ் நீலத்தைக் காட்டும், வால்வோ மடலோ பாதியில் நிற்கும். கிளிப்பைத் தளர்த்தி, லீவரை முழுக் குளிர் நிலைக்குத் தள்ளிவிட்டு மறுபடி பூட்டினால் வேலை முடிந்தது. ப்ளோயர் காற்றோடு கறுப்பாக ஸ்பாஞ்சுத் துகள்கள் வந்தால் மடலில் ஒட்டியிருந்த ஃபோம் உதிர்ந்துவிட்டது. அதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும், தெரிந்தவரிடம் விடுங்கள்.

இனிப்பு வாசனை, கண்ணாடியில் பிசுக்கு, முன் கார்பெட்டில் ஈரம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஹீட்டர் காயிலே ஒழுகுகிறது. தள்ளிப்போட வேண்டாம், கூலண்ட் குறைந்தால் இன்ஜினுக்கே ஆபத்து.

படி 5: தகடு வழி

பெட்ரோல் காரின் சைலன்சர் பாதையில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும். 1995ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. இயங்கும்போது அதன் வெப்பம் பல நூறு டிகிரி. அதற்கும் தரைக்கும் நடுவில் மெல்லிய அலுமினியத் தடுப்பு ஒன்றை நிறுவனமே போட்டிருக்கும். போல்ட் துருப்பிடித்து அது விழுந்துவிட்டால் தரை சுடும். விழுவதற்கு முன் ஐடிலில் கடகடவென்று தகரச் சத்தம் கொடுக்கும்.

வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியை மேலே தூக்கும்போது பார்ப்பது சுலபம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். தடுப்பு இருக்கிறதா, தரையில் உள்ள ரப்பர் மூடிகள் எல்லாம் இருக்கின்றனவா, சைலன்சர் மவுண்டிங் ரப்பர் அறுந்து பைப் தரையை நெருங்கிவிட்டதா என்று பாருங்கள்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைத்தால், ஓட்டி வந்ததும் தரையைக் கட்டம் கட்டமாக அளந்து சூட்டின் மையத்தைப் பிடிக்கலாம். பளபளக்கும் உலோகத்தில் அது குறைவாகக் காட்டும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அளங்கள். நெற்றியில் காட்டும் காய்ச்சல் மாடல் இந்த வேலைக்கு உதவாது.

மேட் ஒட்டுவது இந்த இடத்தில்தான், இதுவும் கடைசியாகத்தான். சத்தத்தைக் குறைக்க விற்கும் தார் ஷீட் சூட்டைத் தடுக்காது. நம் ஊர் வெப்பத்தில் இளகி நாறும். கார்பெட்டுக்கு அடியில், தண்ணீரை உறிஞ்சாத குளோஸ்டு செல் ஃபோம் போடலாம். பைப்புக்கு எதிரே வெளிப்பக்கம் உலோகத் தடுப்பு மட்டுமே, அதுவும் தரையோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு. ஃபோமை அங்கே வைத்தால் தீப்பிடிக்கும்.

மாருதி ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. ஃபயர்வாலுக்குப் பதிலாகச் சீட்டுக்கு அடியிலுள்ள மூடியையும் அதன் விளிம்பு ரப்பரையும் பாருங்கள். சாக்பீஸ் சோதனை அங்கேயும் அப்படியே பொருந்தும்.

படி 6: ஒவ்வொன்றாகச் சரிசெய்து, மறுபடி ஓட்டுங்கள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று தெரியாது. ஒன்றைச் சரிசெய்யுங்கள், அதே சாலையில், அதே இரவு நேரத்தில், குமிழ்களை அதே நிலையில் வைத்து ஓட்டுங்கள். பின் கண்ணாடியை இறக்கும் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். மூன்று வழிகளும் அடைபட்டு, ஏசி போடாமல் வரும் காற்று ஏறக்குறைய வெளிக்காற்றின் சூட்டிலேயே இருந்து, ஏசி போட்டால் மட்டும் குளிர் போதவில்லை என்றால், அப்போது ஏசி மெக்கானிக்கிடம் போகலாம். இதுவரை பார்த்ததை எல்லாம் அவரிடம் சொல்லுங்கள். அவர் கேஸில் கை வைக்கும் முன் வேறு இடங்களைத் தேடி நேரம் கழிக்க வேண்டியதில்லை.