எனர்ஜிபிளஸ்ல ஜன்னல் போட்டாச்சு, ஆனா காத்து மட்டும் சைபர்: எங்க தேடணும்?

எனர்ஜிபிளஸ்ங்கிற கட்டட எனர்ஜி சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல ஏர்ஃப்ளோ நெட்வொர்க் (ஜன்னல், இடுக்கு வழியா காத்து எப்படி ஓடுதுன்னு கணக்கு போடுற பகுதி) முதல் தடவை போடுறவங்க பலரும் மாட்டுற இடம் இது. ரன் முடிஞ்சிடும், ரிசல்ட்ல காத்தோட்டம் சைபர். உடனே கன்வர்ஜென்ஸ் டாலரன்ஸ (கணக்கு எவ்வளவு துல்லியமா வந்தா போதும்ங்கிற அளவ) மாத்தப் போயிடாதீங்க, அது கடைசி வேலை.

ஸ்டெப் 1: எர்ர் ஃபைல (ரன்ல வந்த தப்பு, எச்சரிக்கை எல்லாம் எழுதியிருக்கிற ஃபைல) மேல இருந்து படிங்க. முதல்ல வர்ற சிவியர் (பெரிய தப்பு) மெசேஜ்தான் முக்கியம், கீழ வர்றது பாதி அதோட வால்தான். ஒரு ஸோனுக்கு (ரூம் மாதிரி ஒரு பகுதிக்கு) சுவர், ஜன்னல் மாதிரி ரெண்டு சர்ஃபேஸாவது நெட்வொர்க்ல இணைஞ்சிருக்கணும், காத்து உள்ள வர ஒரு வழி வெளிய போக ஒரு வழி.

ஸ்டெப் 2: சிமுலேஷன் கன்ட்ரோல்ல 'மல்டிஸோன் வித்தவுட் டிஸ்ட்ரிபியூஷன்' இருக்கா? 'நோ மல்டிஸோன் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'னு இருந்தா நீங்க கஷ்டப்பட்டு போட்ட நெட்வொர்க் ஓடவே ஓடாது. ஓடுச்சுன்னா பழைய ஸோன் இன்ஃபில்ட்ரேஷன், வென்டிலேஷன் எதுவும் கணக்குல வராது, அதனால கதவிடுக்கு கசிவ க்ராக் (சின்ன இடுக்குக்கான உள்ளீடு) மூலமா நீங்கதான் கொடுக்கணும்.

ஸ்டெப் 3, நிறைய பேர் சிக்குறது இங்கதான். வென்டிங் கன்ட்ரோல் (ஜன்னல் எப்ப திறக்கணும்னு சொல்ற செட்டிங்) 'டெம்பரேச்சர்'னு இருந்தா, உள்ள வெப்பம் வெளிய விட அதிகமாவும் செட்பாயின்ட்டுக்கு (நீங்க கொடுத்த வெப்ப அளவுக்கு) மேலயும் இருந்து, ஷெட்யூலும் அனுமதிச்சாத்தான் ஜன்னல் திறக்கும். சென்னை வெதர் ஃபைல் போட்டு மே மாச மத்தியானத்த பாத்தா வெளியதான் சூடு ஜாஸ்தி, ஜன்னல் மூடியே கிடக்கும், மாடல் சரியாத்தான் வேலை செய்யுது! சந்தேகமா இருந்தா 'கான்ஸ்டன்ட்'னு மாத்தி ஒரு நாள் மட்டும் ஓட்டுங்க, ஓப்பனிங் ஃபேக்டர் (ஜன்னல் எவ்வளவு திறந்திருக்குங்கிற அளவு) அவுட்புட்டும் கேட்டு வாங்குங்க. காத்து வந்துச்சுன்னா பிரச்சனை கன்ட்ரோல்லதான்.

ஸ்டெப் 4: கையால ஒரு கணக்கு. 1 சதுர மீட்டர் திறப்பு, 1 பாஸ்கல் அழுத்த வித்தியாசம், டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட் (திறப்பு வழியா நிஜத்துல எவ்வளவு காத்து போகும்ங்கிற விகிதம்) 0.6ன்னா செகண்டுக்கு சுமார் 0.77 கன மீட்டர் காத்து. 36 கன மீட்டர் ரூமுக்கு அது மணிக்கு 77 தடவை காத்து மாறுறது. பாக்க பயமா இருக்கும், ஆனா சரிதான், அதனால பெரிய நம்பர் வந்தாலே தப்புன்னு நெனச்சுடாதீங்க.

ஸ்டெப் 5: காத்தழுத்த கோஎஃபிஷியன்ட்ட (வெளிக்காத்து சுவர்ல எவ்வளவு அழுத்தம் கொடுக்கும்ங்கிற எண்ண) சாஃப்ட்வேரே கணக்கு போடுற ஆப்ஷன் செவ்வக கட்டடத்துக்கு மட்டும்தான். எல் ஷேப் வீடுன்னா நீங்களே கொடுக்கணும்.

இதெல்லாம் சரியா இருந்தும் கன்வர்ஜ் ஆகலன்னா (கணக்கு ஒரு விடைல வந்து நிக்கலன்னா) மட்டும் இடரேஷன் (கணக்க எத்தனை தடவை திரும்பப் போடணும்ங்கிற செட்டிங்) பக்கம் போங்க, அதுக்கு முன்னாடி எங்கயாவது ரொம்பச் சின்ன க்ராக் மதிப்பு போட்டிருக்கீங்களான்னு ஒரு தடவை பாத்துடுங்க.