பழைய கார்வெட் ஸ்டிங் ரே: எந்த வருஷத்து வண்டி என்று கண்டுபிடிப்பது எப்படி?

1953-ல் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் 300 வண்டிகளோடு தொடங்கிய, ஷெவர்லே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட், ஆறு சிலிண்டர் எஞ்சினும் வெள்ளை நிறமும் மட்டுமே கொண்டு வந்த சாதுவான வண்டி. இன்று ஆட்கள் தேடி அலைவது 1963 முதல் 1967 வரை ஸ்டிங் ரே என்ற பெயரில் வந்த கார்வெட்டைத்தான். ஐந்து வருஷத்து வண்டிகளும் தூரத்தில் ஒன்று போலவே தெரியும், ஆனால் ஷெவர்லே வருஷா வருஷம் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்ததால், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் போட்டோவை வைத்தே வருஷத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் வண்டியின் பின்பக்கம் போங்கள். கூப்பேயின், அதாவது மூடிய கூரை வண்டியின், பின் கண்ணாடி நடுவில் பட்டை ஓடி இரண்டாகப் பிரிந்திருந்தால் அது 1963, வேறு எந்த வருஷமும் கிடையாது. டிசைன் தலைவர் பில் மிட்செல் அந்தப் பட்டை இருந்தே ஆக வேண்டும் என்று நின்றார். எஞ்சினியர் ஜோரா அர்கஸ்-டன்டோவுக்கோ பின்னால் வருவது தெரியவில்லையே என்று எரிச்சல். அடுத்த வருஷமே பட்டை போய்விட்டது. அந்தக் காலத்தில் சிலர் பட்டையை அறுத்துவிட்டு 64-ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள், இப்போது அதே பட்டைக்குத்தான் கூடுதல் விலை!

கூரையை மடக்கித் திறக்கும் கன்வர்ட்டிபிளில் இந்த வழி செல்லாது, பானட்டைப் பாருங்கள். 63-ல் இரண்டு பள்ளமும் அதில் சும்மா அழகுக்கு வைத்த தகடும் இருக்கும், 64-ல் தகடு போய்ப் பள்ளம் மட்டும், 65-ல் பள்ளமும் இல்லை. அப்புறம் முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள காற்றுத் துளைகள்: 63, 64-ல் படுக்கை வாட்டத்தில் இரண்டு, 65, 66-ல் செங்குத்தாக மூன்று, 67-ல் சாய்வாக ஐந்து. 65-க்கும் 66-க்கும்தான் குழப்பம் வரும். முன் கிரில்லில் படுக்கைக் கம்பிகள் என்றால் 65, கட்டம் கட்டமாக இருந்தால் 66.

பிரேக்கிலும் எஞ்சினிலும் துப்பு உண்டு. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் 65-ல்தான் வந்தது, 425 குதிரைத்திறன் கொண்ட 396 கன அங்குல எஞ்சினும் அந்த வருஷம்தான், 66-ல் அது 427 ஆனது. ஃபியூல் இன்ஜெக்ஷன் 65-ஓடு நின்றுபோனதால், "66 மாடல், கம்பெனி இன்ஜெக்ஷன்" என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, வெளித்தோற்றத்தை யாரும் மாற்றலாம், அதனால் வண்டி எண்ணைப் படியுங்கள். குளோவ் பாக்ஸுக்குக் கீழே தகடு இருக்கும். 63 கூப்பே 30837 என்றும் கன்வர்ட்டிபிள் 30867 என்றும் தொடங்கும், பிறகு வரும் 'எஸ்' எழுத்து செயின்ட் லூயிஸ் ஆலையைக் குறிக்கும். 65 கூப்பே 194375, கன்வர்ட்டிபிள் 194675. அடுத்த இரண்டு வருஷங்களில் இந்த ஆறு இலக்கங்களில் கடைசியாக உள்ள 5 மட்டும் 6, 7 என்று மாறும்.

எந்த எஞ்சினோடு வந்தது என்பதை இந்த எண் சொல்லாது, ஏமாற்று வேலை நடப்பதும் இங்கேதான். எஞ்சின் பிளாக்கில், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டையான இடம் உண்டு. அங்கே எஞ்சின் குறியீடும் வண்டி எண்ணின் கடைசி இலக்கங்களும் அடிக்கப்பட்டிருக்கும். டார்ச் அடித்துக் கிட்டே போய்ப் பாருங்கள். ஆலையில் சீவிய மெல்லிய கோடுகள் முன்னிருந்து பின்னாக நேராக ஓட வேண்டும். வழுவழுவென்றோ சுழல் சுழலாகவோ தேய்த்த தடம் தெரிந்தால், எண்ணை அழித்துவிட்டு மறுபடி அடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

பாடி ஃபைபர்கிளாஸ், துரு பிடிக்காது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் இரும்புக் கூடும் கீழே உள்ள சேஸிஸும் நன்றாகவே துருப்பிடிக்கும், குறிப்பாக முன் கண்ணாடித் தூணின் அடியிலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேஸிஸ் மேலே வளையும் இடத்திலும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க விடாத ஆளிடம் வண்டி வாங்க வேண்டாம்.