ஒரு அந்துப்பூச்சி, இரண்டு கணக்கு: அல்லீல் நிகழ்வெண்ணும் இனக்கூட்ட அளவும்

தேர்வுத்தாளில் ஹார்டி-வீன்பெர்க் சமநிலை (அல்லீல் நிகழ்வெண்ணிலிருந்து ஜீன் வகைகளின் விகிதத்தைச் சொல்லும் விதி) ஒரு பாடத்திலிருந்தும், குறியிட்டு மறுபடி பிடிக்கும் முறை வேறொரு பாடத்திலிருந்தும் வரும். வயலில் இரண்டும் ஒரே நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே உள்ள காட்ஹில் சதுப்பு நிலத்தில், ஸ்கார்லெட் டைகர் என்னும் பகலில் பறக்கும் அந்துப்பூச்சியை வைத்து 1939 முதல் மரபியலர்கள் ஆர். ஏ. ஃபிஷரும் ஈ. பி. ஃபோர்டும் செய்த வேலை அப்படிப்பட்டது. 1947-ல் அதை வெளியிட்டார்கள். பழகுவதற்கு இந்தப் பூச்சி வசதியானது: ஆண்டுக்கு ஒரே தலைமுறை, மூன்று ஜீன் வகைகளையும் இறக்கையைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

கறுப்பு முன்னிறக்கையில் நிறைய வெளிர்புள்ளிகள் இருந்தால் அது டொமினுலா. பொதுவான அல்லீல் (அல்லீல் என்பது ஒரு ஜீனின் மாற்று வடிவம்) இரண்டு பிரதி. புள்ளி குறைந்து, சிவப்புப் பின்னிறக்கையின் நடுவில் கூடுதலாக ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் மெடியோநைக்ரா. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி. வெளிர்புள்ளிகள் பெரும்பாலும் மறைந்து கறுப்பு ஓங்கியிருந்தால் பைமாகுலா. அரிய அல்லீல் இரண்டு பிரதி.

படி 1: அல்லீல்களை எண்ணுங்கள்

ஃபோர்டு தந்த ஒரு மாதிரி: டொமினுலா 1469, மெடியோநைக்ரா 138, பைமாகுலா 5. மொத்தம் 1612 பூச்சிகள், அதாவது 3224 அல்லீல்கள்.

பொதுவான அல்லீல்: 2 × 1469 + 138 = 3076. இதை 3224-ஆல் வகுத்தால் பி = 0.954.
அரிய அல்லீல்: 2 × 5 + 138 = 148. வகுத்தால் கியூ = 0.046.

கூட்டினால் 1 வரவேண்டும். வராவிட்டால், மொத்தத்தை இரட்டிப்பாக்க மறந்திருப்பீர்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பைமாகுலா 5 என்று பார்த்ததும் 5/1612-க்கு வர்க்கமூலம் எடுத்து கியூ = 0.056 என்று எழுதிவிடுகிறார்கள். கலப்பு வகையைக் கண்ணால் பிரிக்க முடியாத, முழு ஓங்கு தன்மையுள்ள பண்புக்கு மட்டுமே அந்தக் குறுக்குவழி. அது இனக்கூட்டம் ஏற்கெனவே சமநிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. அதில் கிடைத்த கியூவை வைத்துச் சமநிலை இருக்கிறதா என்று சோதித்தால், போட்ட விடையே திரும்பி வரும். மூன்று வகையையும் எண்ண முடிந்தால் எண்ணியே ஆகவேண்டும்.

படி 2: சமநிலை இருந்தால் எதிர்பார்க்கும் எண்கள்

பி² × 1612 = 1467.4
2 × பி × கியூ × 1612 = 141.2
கியூ² × 1612 = 3.4

பி, கியூ இரண்டையும் இடையில் இரண்டு தசமத்துக்குச் சுருக்காதீர்கள். 0.95, 0.05 என்று போட்டால் பைமாகுலா எதிர்பார்ப்பு 4.0 ஆகிவிடும், கடைசி விடை அதோடு மாறும்.

படி 3: கை-வர்க்கச் (χ²) சோதனை

ஒவ்வொரு வகைக்கும் கண்டதிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்ததால் வகுக்கவும். வருவன 0.002, 0.073, 0.756. கூட்டு 0.83. கட்டின்மை எண் 1: வகைகள் மூன்று, மொத்தத்துக்கு ஒன்று கழிந்தது, கியூவை இதே மாதிரியிலிருந்து எடுத்ததால் இன்னொன்று கழிந்தது. 2 என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. 5 விழுக்காட்டு எல்லை 3.84, நம் எண் அதற்கு வெகு கீழே. சமநிலையிலிருந்து விலகியதற்குச் சான்று இல்லை.

கண்ட எண், எதிர்பார்த்த எண் இரண்டும் பூச்சிகளின் எண்ணிக்கையாகவே இருக்கட்டும். விழுக்காட்டில் போட்டால் 1612 பூச்சி 100 பூச்சியாகச் சுருங்கி, சோதனை கூர்மையை இழக்கும். இன்னொன்று: 0.83-இல் 0.76 பைமாகுலாவிலிருந்து மட்டுமே வருகிறது. அங்கே எதிர்பார்ப்பு 3.4-தான். எதிர்பார்ப்பு 5-க்குக் கீழே போனால் கை-வர்க்கம் தள்ளாடும். இங்கே முடிவு மாறாது. எல்லைக்கு அருகில் இருந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனை வகையைச் சேர்ந்ததைப் பயன்படுத்துங்கள்.

சமநிலை என்று வந்துவிட்டதால் இயற்கைத் தேர்வு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு தலைமுறை தற்செயல் இணைசேர்க்கை நடந்தாலே கருவுற்ற முட்டை நிலையில் விகிதம் பி², 2பிகியூ, கியூ² என்று திரும்பிவிடும். கியூ ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே போனாலும் ஒவ்வொரு ஆண்டின் மாதிரியும் சோதனையில் தேறலாம். சரிவைப் பார்க்கப் பல ஆண்டுகளின் கியூ வேண்டும். அந்தச் சரிவு தேர்வா, வெறும் தற்செயலா என்று சொல்ல, எத்தனை பூச்சி இருந்தது என்பதும் தெரியவேண்டும்.

படி 4: எத்தனை பூச்சி?

எளிய சூத்திரம்: முதல் பிடியில் குறியிட்டவை × இரண்டாம் பிடியின் மொத்தம் ÷ இரண்டாம் பிடியில் குறியோடு வந்தவை. குறியோடு வந்தவை குறைவாக இருக்கையில் இது கூட்டிச் சொல்லும். அதனால் 1951-ல் சாப்மன் தந்த திருத்தத்தையே பழகுங்கள்: மூன்று எண்களோடும் ஒன்று கூட்டி, அதே கணக்கைப் போட்டு, கடைசியில் ஒன்று கழிக்கவும்.

கையால் செய்து பார்க்க ஒரு பாத்திரம் நிறைய வெள்ளைக் கொண்டைக்கடலை போதும். 60-ஐ எடுத்து மார்க்கர் பேனாவால் பொட்டு வைத்து, மை காய்ந்ததும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். கண்ணை மூடி 50 எடுக்கிறீர்கள். 6-இல் பொட்டு இருக்கிறது என்று வையுங்கள். எளிய சூத்திரம் 500 என்று சொல்லும். சாப்மன்: 61 × 51 ÷ 7 − 1 = 443.

பிழை அளவு இல்லாமல் இந்த எண்ணை எழுதுவதில் பொருளில்லை. மாறுபாடு: (61 × 51 × 54 × 44) ÷ (7² × 8) = 18,857. வர்க்கமூலம் 137. இதில் 54 என்பது 60 − 6, 44 என்பது 50 − 6, 8 என்பது 6 + 2. 95 விழுக்காட்டு வரம்பு 443 ± 269. 174 முதல் 712 வரை எதுவும் இருக்கலாம். இதையே 150 குறியிட்டு, 120 பிடித்து, 36 திரும்பி வந்ததாகப் போட்டால் 493 ± 114 வரும். குறியோடு வந்தவை 7-க்குக் குறைந்தால் அந்த மதிப்பீட்டை நம்பாதே என்று ஒரு விதி உண்டு. ஏன் என்பது இந்த இரண்டு வரம்புகளைப் பார்த்தாலே புரியும். கடைசியில் பாத்திரத்தைக் கொட்டி எண்ணிச் சரிபாருங்கள்.

வயலில் கெடுவது வேறு விதம். குறி உதிர்ந்தாலோ, குறியிட்ட பூச்சி பறவையின் கண்ணில் எளிதாகப் பட்டுச் செத்தாலோ, திரும்பி வருவது குறைந்து மதிப்பீடு ஊதிவிடும். இரைக்காகப் பொறியை நாடிவரும் எலி போன்றவற்றில் நேர்மாறு: அதே எலி மறுபடி மறுபடி மாட்டி, கூட்டம் சிறியது என்று காட்டும். இடையில் புதியவை வந்தாலும் கணக்கு பிசகும். ஸ்கார்லெட் டைகரில் கடைசிச் சிக்கல் தவிர்க்கவே முடியாதது. கூட்டுப்புழுக்கள் ஒரே நாளில் பொரிவதில்லை, வாரக்கணக்கில் வெளிவந்துகொண்டே இருக்கும். எனவே ஃபிஷரும் ஃபோர்டும் ஒரே ஒரு மறுபிடியோடு நிற்காமல், நாளுக்கொரு நிறமும் இடமுமாக இறக்கையில் வண்ணப்பொட்டு வைத்து, தினமும் எத்தனை சாகின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். உங்கள் இனக்கூட்டமும் திறந்த கூட்டமாக (இடையில் புதியவை வருவதும் பழையவை சாவதுமாக) இருந்தால், இரண்டு பிடிச் சூத்திரத்தை நீட்டிக்கப் பார்க்காமல், பல பிடிகளை வைத்துக் கணக்கிடும் ஜாலி-செபர் முறைக்குப் போய்விடுங்கள்.

படி 5: இரண்டையும் சேர்ப்பது

காட்ஹில்லில் அரிய அல்லீல் 1940-ல் சுமார் 11 விழுக்காடு, 1946-ல் 4.3 அளவுக்கு இறங்கியிருந்தது. ஆறு தலைமுறையில் 0.067 சரிவு. தற்செயல் மட்டும் இதைச் செய்யுமா?

ஒரு தலைமுறையில் மரபியல் நகர்வால் (அல்லீல் நிகழ்வெண் வெறும் தற்செயலாக மாறுவதால்) வரும் திட்ட விலக்கம் = √(பி × கியூ ÷ 2என்). இங்கே என் என்பது இனக்கூட்ட அளவு. என் = 1000 என்றால் √(0.89 × 0.11 ÷ 2000) = 0.007. ஆறு தலைமுறைக்கு இதை 6-ஆல் பெருக்கக் கூடாது; √6-ஆல் பெருக்கவேண்டும், ஏனென்றால் நகர்வு ஒரு ஆண்டு மேலே, ஒரு ஆண்டு கீழே போகும். கிடைப்பது 0.017. கண்ட சரிவு அதைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு. தற்செயல் போதாது, தேர்வு வேலை செய்கிறது என்று ஃபிஷரும் ஃபோர்டும் வாதிட்டது இந்த வழியில்தான். (பிடித்த மாதிரியின் பிழையையும் இதோடு கூட்டவேண்டும்; ஆரம்பப் பயிற்சிக்கு விட்டுவைக்கலாம்.)

அமெரிக்க மரபியலர் சூவால் ரைட் 1948-ல் இதை மறுத்தார். அவர் கைவைத்த இடங்களில் ஒன்று அந்த என். சூத்திரத்துக்குள் போகவேண்டியது தலை எண்ணிக்கை அல்ல, பயனுறு அளவு, அதாவது அடுத்த தலைமுறைக்கு ஜீன் தருவதில் அந்தக் கூட்டம் எத்தனை பூச்சிக்குச் சமம் என்பது. ஆண் 100, பெண் 900 என்றால் தலைகள் 1000; பயனுறு அளவோ 4 × 100 × 900 ÷ 1000 = 360. எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கினால் சாதாரண சராசரி எடுக்காமல் இசைச் சராசரி எடுங்கள். 1000, 1000, 100 என்று மூன்று ஆண்டு இருந்தால் சராசரி 700, இசைச் சராசரி 3 ÷ (0.001 + 0.001 + 0.01) = 250. ஒரே ஒரு மோசமான ஆண்டு அவ்வளவு இழுத்துவிடும்.

காட்ஹில்லில் அப்படி நடந்ததாகப் பொருளல்ல. பயிற்சிக்காக மட்டும் அந்த 250-ஐ மேலே உள்ள கணக்கில் போடுங்கள். ஆறு தலைமுறைத் திட்ட விலக்கம் 0.034 ஆகும், 0.067 சரிவு அதில் 2 மடங்குக்குச் சற்றுக் குறைவு, அதாவது சரியாக எல்லைக்கோட்டில். அடுத்து 100 போட்டுப் பாருங்கள், 0.054 வரும், அந்த அளவுக் கூட்டத்தில் இந்தச் சரிவுக்குத் தேர்வைக் கூப்பிடவே வேண்டியதில்லை.