பனி கருக்கிய மலையில் பசி எப்போது வரும்? பப்புவா நியூகினி மலைநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பப்புவா நியூகினியின் மலைநாட்டுக்குப் பள்ளி வேலை, சுகாதார வேலை, தொண்டு நிறுவன வேலை என்று புது ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கம்பளி, மழைக்கோட்டு, குடிநீர் மாத்திரை பற்றியெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். இங்கே சொல்ல வேண்டியவை வேறு. 1,600 முதல் 2,500 மீட்டர் உயரத்தில், சாலை எட்டாமல், புல் ஓடுதளம் ஒன்றையே நம்பியிருக்கும் ஊர்களில், நல்ல மனதோடு வந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் இவை. முதல் தவறு உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால் அதற்கே அதிக இடம்.

பசுமை திரும்பியதும் நிவாரணத்தை நிறுத்துவது

இங்கே சாப்பாடு என்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. நாட்டின் பொதுமொழியான டோக் பிசினில் காவ்காவ். வீட்டுப் பன்றிகளுக்கும் அதில் கணிசமான பங்கு போகிறது. மொத்தமாக அறுத்து அடுக்கிவைக்கும் வழக்கம் கிடையாது. பெண்கள் அன்றாடம் தோட்டத்தைக் கிளறிப் பெரிய கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, சின்னதைப் பெருக்க விட்டு மண்ணை மூடிவிடுவார்கள். மண்ணே குதிர். கொரோக்கா போல 1,600 மீட்டரில் இருக்கும் இடங்களில் நட்ட ஐந்தாறு மாதத்தில் கிழங்கு கிடைக்கும். காண்டெப், தாம்புல் போல 2,200 மீட்டருக்கு மேல் போனால் எட்டு முதல் பத்து மாதம் ஆகும். இந்த மாதக் கணக்கை மறந்து போடுகிற எந்தத் திட்டமும் உருப்படாது.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வானம் மேகமில்லாமல் வறண்டுபோய், இரவில் உறைபனி இறங்கும். 1972, 1997, 2015 மூன்றிலும் அதுதான் நடந்தது. மறுநாள் வெயில் ஏறியதும் கொடி மொத்தமும் கருகித் தொங்கும். புதிதாக வந்தவர் அந்தக் கறுப்பைப் பார்த்துப் பதறி அரிசி கேட்பார். ஆனால் அன்றைக்குப் பஞ்சம் இல்லை. கொடி செத்தாலும் அடியில் திரண்ட கிழங்கு சில வாரங்களுக்குத் தின்னும்படியே இருக்கும். பன்றிக்குத் தீனி போதாது என்பதால் அவற்றையும் அறுப்பார்கள். அந்த வாரங்களில் கணக்கெடுக்க வருகிற அதிகாரி, தோட்டத்தில் கிழங்கும் அடுப்பில் இறைச்சியும் இருப்பதைப் பார்த்து ‘நிலைமை மோசமில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

பிறகு மழை வரும். மண்ணில் மிச்சமிருந்த கிழங்கு முளைவிட்டு, நீர்கோத்து அழுகும். மலை பச்சையாகிவிடும், படத்தில் பார்க்க அழகாக இருக்கும். உண்மையான பசி அப்போதுதான் ஆரம்பிக்கிறது. நிவாரணத்தை நிறுத்துவதும் சரியாக அந்த நேரத்தில்தான். இந்த ஒன்றை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த பனியில் அதே தவறு நடக்கிறது என்பது ஆற்றமாட்டாத வருத்தம்.

கணக்கை இப்படிப் போட வேண்டும். ஆகஸ்டில் கடும் பனி விழுந்தால் அக்டோபர், நவம்பரில் பழைய கிழங்கு தீரும். நவம்பரில் மறுபடி நட்டுவிட்டார்கள் என்றே வைத்தாலும் 2,300 மீட்டரில் முதல் கிழங்கு அடுத்த ஜூலைக்கு முன்னால் வராது. ஆக, உதவி தேவைப்படும் காலம் நவம்பர் முதல் குறைந்தது ஜூலை வரை. ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 400 கிராம் அரிசி என்றால், ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் 60 கிலோ. நூறு வீட்டுக்கு 6 டன். செஸ்னா கேரவன் என்ற சிறு விமானம் தோராயமாக ஒரு டன் தூக்கும். அதுவும் ஓடுதளம் உலர்ந்தும் போதிய நீளத்தோடும் இருந்தால்தான். நூறு வீட்டுக்கே மாதம் ஆறு தடவை விமானம் வர வேண்டும். இதை முன்கூட்டியே எழுதிக் காட்டாமல் ‘அவசர உதவி’ என்று மட்டும் கேட்டால், முதல் மாதம் வரும், அத்தோடு நின்றுவிடும்.

நடுவதற்குக் கொடி எங்கிருந்து வரும் என்பதையும் யாரும் கேட்பதில்லை. இது விதை போட்டு விளைகிற பயிர் அல்ல. கொடித் துண்டை வெட்டி நட வேண்டும், பனியோ கொடியைத்தான் கொன்றிருக்கிறது. 30 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளைக் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து கட்டாகக் கட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கீழே நன்றாக விளையும் ரகம் மேலே கொடியாகவே ஓடிக் கிழங்கு வைக்காமல் போவதுண்டு. எந்த ரகம் இரண்டு இடத்திலும் தாங்கும் என்று தோட்டம் செய்கிற பெண்களைக் கேட்டுத்தான் கொண்டுவர வேண்டும். பனி ஒரே இரவோடு முடிவதும் இல்லை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை விட்டுவிட்டு விழும் ஆண்டில், கிடைத்த கொடியை எல்லாம் முதல் மழையிலேயே நட்டுவிட்டால் அடுத்த பனி அதையும் கொண்டுபோகும். பாதியை நட்டு, பாதியைத் தாழ்வான ஊரில் உறவினர் தோட்டத்தில் வளரவிட்டு வைப்பதே பத்திரம்.

மேலூர் மக்களுக்குக் கீழே உறவுகள் உண்டு. பனிக் காலத்தில் குடும்பத்தோடு இறங்கிப்போய், மாதக்கணக்கில் அங்கே தங்கி, கொடியோடு திரும்புவது எங்கா பகுதியின் பழைய வழி. 1972-இல் அன்றைய ஆஸ்திரேலிய நிர்வாகம் மக்கள் இருந்த இடத்திலேயே அவர்களுக்கு உணவளித்தது. உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்றாலும் அந்தப் போக்குவரத்துக்கு அவசியமில்லாமல் போனது. இன்றைக்கு உதவத் திட்டமிடுகிறவர்கள் இறங்கிப்போகிறவர்களைத் தடுக்கக் கூடாது; அவர்களை ஏற்றுக்கொள்கிற வீடுகளுக்கும் அரிசியில் பங்கு ஒதுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 1,600 மீட்டருக்கு மேல் மலேரியா குறைவு, அதனால் இவர்கள் உடம்பில் எதிர்ப்பும் குறைவு. இறங்கிப்போகிறவர்களுக்குக் கொசுவலை கொடுங்கள். திரும்பி வரும்போது எய்ட் போஸ்ட் எனப்படும் ஊர்ச் சுகாதார நிலையத்தில் மலேரியா பரிசோதனைப் பட்டையும் மருந்தும் தயாராக இருக்கட்டும்.

பனியே இல்லாமலும் இதே பசி வரும். நட்ட ஐந்தாவது வாரம் முதல் பத்தாவது வாரம் வரை மண் ஊறிக் கிடந்தால் கிழங்கு திரளாது. கொடி மட்டும் தளதளவென்று ஓடும். தட்டுப்பாடு அதற்கும் பல மாதம் கழித்துத்தான் தெரியும், அப்போது யாருக்கும் அந்த மழை நினைவிருக்காது. மூன்று மாதமான தோட்டத்தில் ஓரமாகக் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். வேர் எதுவுமே பருக்கத் தொடங்கவில்லை என்றால் உதவி கேட்டு இப்போதே கடிதம் எழுதலாம்.

பசி தீர்ந்த பிறகும் கவனம் வேண்டும். பயந்துபோன வீடுகள் எல்லாம் ஒரேயடியாக நட்டுவைக்கும். ஒரு வருடம் கழித்துக் கிழங்கு மலிந்து கிடக்கும். அதனால் நடுவதைக் குறைப்பார்கள், மறுபடி தட்டுப்பாடு. ‘சாப்பாடு இருக்கிறதா?’ என்று கேட்பதைவிட ‘கடந்த மூன்று மாதத்தில் எவ்வளவு நட்டீர்கள்?’ என்று கேட்பது மேல்.

மேட்டைத் தரைமட்டமாக்கி வரிசை நடவு கற்றுக்கொடுப்பது

எங்காவின் வட்ட மேடுகள் ஒழுங்கற்ற பழக்கம் அல்ல. இரண்டு முதல் நான்கு மீட்டர் அகலத்தில் மண்ணைக் குழித்து, நடுவில் பழைய கொடியும் புல்லும் களையும் கொட்டி, சில வாரம் மக்கவிட்டு, மேலே மண்ணை மூடி நடுகிறார்கள். மக்குவதால் மண்ணுக்கு உரமும் கொஞ்சம் சூடும் கிடைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். மேட்டின் மேல்பகுதி தப்பிக்கும். தண்ணீரும் வடிந்துவிடும். வாகி பள்ளத்தாக்கின் குக் சதுப்பு நிலத்தில் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழையும் சேம்பும் பயிரிட்டிருக்கிறார்கள். பின்னர் வாய்க்கால் வெட்டி நீர் வடித்திருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. இந்த மக்களுக்கு நீர் வடிப்பதைப் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை.

காப்பியை ஈரத்தோடு விமானத்தில் ஏற்றுவது

1,900 மீட்டருக்குக் கீழே இருக்கும் ஊருக்குப் பணம் வருகிற வழி அராபிக்கா காப்பிதான். நட்டு மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கும். ஐந்து கிலோ பழத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பார்ச்மென்ட், அதாவது உள்ளுறையோடு உலர்த்திய கொட்டை. பறித்த அன்றே தோல் நீக்கி, குளிரான இடத்தில் 36 முதல் 48 மணி நேரம் புளிக்கவிட்டு, கழுவி, 12 சதவீத ஈரப்பதம் வரும்வரை உலர்த்த வேண்டும். விமானம் வருகிறது என்று அவசரப்பட்டு 18 சதவீதத்திலேயே மூட்டை கட்டினால், ஒரு டன் சரக்கோடு 70 கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீருக்கும் கட்டணம் கட்டுகிறீர்கள். பூஞ்சை பிடித்து விலையும் போகும். கடைச் சாமான் இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்பும் நாளை முன்பே விசாரித்து, அந்தத் திரும்பு பயணத்தில் ஏற்றுவதுதான் கட்டுப்படியாகும்.

பழைய காப்பிச் சாக்கை மேலே கொண்டுபோவது

வேண்டாம். காப்பிக்காய் துளைப்பான் என்ற வண்டு 2017-இல் ஜிவாகா மாகாணத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சாக்கு வழியாகவும் பரவும்.

பிற்பகல் விமானத்தை நம்புவது

மதியத்துக்குள் மேகம் அடைத்துவிடும். பிரசவ நாள் நெருங்கும் பெண்ணை முன்கூட்டியே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

ஒரே குலத்தாரின் சம்மதத்தோடு கட்டடம் கட்டுவது

நிலம் பெரும்பாலும் குலங்களுடையது. ஓடுதளத்துக்கும் இது பொருந்தும். எல்லாரும் கூடிய கூட்டத்தில் பேசி முடிக்கும்வரை ஒரு மரமும் வெட்ட வேண்டாம்.

விருந்துக்குப் பிறகு வரும் வயிற்றுவலியைப் பூச்சி என்று நினைப்பது

பெரிய பன்றி விருந்து முடிந்த சில நாளில் குழந்தைக்குக் கடும் வயிற்றுவலியும் வயிற்று உப்பலும் வந்தால் அது பிக்பெல் என்ற குடல் நோயாக இருக்கலாம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் சி வகை நுண்ணுயிரின் நச்சு குடலை அழுகச்செய்கிறது. அந்த நச்சை உடைக்க வேண்டிய நொதியைக் கிழங்கில் இருக்கும் ஒரு பொருள் தடுத்துவிடுவதால், கிழங்கையே தின்று வளரும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். பூச்சி மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே வானொலியிலோ தொலைபேசியிலோ சொல்லி மருத்துவமனைக்கு அனுப்ப வழி பாருங்கள்.

ஆசிரியர் வரவில்லை என்றால் பொறுப்பில்லாதவர் என்று முடிவுகட்டுவது

சம்பளம் நகரத்து வங்கிக் கணக்கில் விழுகிறது. அதை எடுக்கவும் சாமான் வாங்கவும் அவர் பறந்துபோக வேண்டும். திரும்ப இடம் கிடைக்காமலோ வானிலை கெட்டோ வாரக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொள்வார். பள்ளியைத் தாங்கிப்பிடிக்க நினைப்பவர்கள் அறிவுரைக்குப் பதில் இதைச் செய்யலாம்: சம்பள நாளை ஒட்டி விமானத்தில் இரண்டு இருக்கையை ஆசிரியர்களுக்கென்று முன்பதிவு செய்து, இருவர் இருவராக முறைவைத்து அனுப்புங்கள். ஊர்க் கடைக்காரரிடம் பேசி, அவர் நகரத்துக்கு அனுப்ப வேண்டிய ரொக்கத்தை ஆசிரியருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் அதே தொகையைக் கைபேசி வழியாக அவர் கணக்கில் போட்டுவிடலாம். கோபுரத்து சிக்னல் எட்டுகிற ஊர்களில் இதற்கு யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை.