பாடத்துக்கு முன் சர்க்கரை அளவு
டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறீர்களா? கணக்கு மாதிரி கவனம் கேட்கும் பாடத்தைத் தொடங்கும் முன் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் திடீரென்று எரிந்து விழுவது, நன்றாகத் தெரிந்த கூட்டலையே தப்பாகப் போடுவது எல்லாம் பிடிவாதமாக இல்லாமல் சர்க்கரை இறங்குவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு, மருத்துவர் சொன்ன அளவில் குளுக்கோஸ் மாத்திரையோ பழச்சாறோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு ஏறிவிட்டதே என்று உடனே கணக்குக்குத் திரும்ப வேண்டாம். கவனம் முழுதாகத் தெளிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை நீங்கள் கதை வாசித்துக் காட்டலாம். மணி அடிக்காத வீட்டுப் பள்ளியில் இந்த வசதி நம் கையில்தானே இருக்கிறது! அப்புறம், ஓடியாடி விளையாடப் போகும் முன்பும் மறக்காமல் பாருங்கள்.